க்ளாம்ப் தடம்

என் அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். மூக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. கோபம் இருப்பது வலது கையின் மூன்று விரல்களில். கட்டை விரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் உணர்ச்சி கிடையாது. சூடு தெரியாது, குளிர் தெரியாது, ஒரு பொருளைப் பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்பதும் பார்த்தால்தான் தெரியும். அதனால் வாரத்துக்கு ஒரு கண்ணாடி டம்ளராவது கீழே விழும். விழுந்த சத்தம் அடங்குவதற்குள் கூடத்திலிருந்து அண்ணனின் குரல் வரும்.

"யாரு உன்ன பெயிண்ட்ல கைய விடச் சொன்னா?"

இருபத்தாறு வருஷமாக இதே வாக்கியம். அண்ணன் கெட்டவர் இல்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வழித்தடம் மாறாத ஆள். ஒரு முறை மனதில் ஏறிய வாக்கியத்தை இறக்கிவிட அவருக்குத் தெரியாது.

அந்த வாக்கியம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணி பதினோரு வருஷம் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சக்கரத்தையும் வண்டியின் அடிச்சட்டத்தையும் இணைக்கிற இரும்புத் துண்டை நாங்கள் ஆர்ம் என்போம். அதைக் கறுப்பு பெயிண்ட் தொட்டியில் முக்கி எடுத்துக் காயப்போடுவது அவர் வேலை. முதலில் விரல் நுனி வெளுத்தது, பிறகு மரத்தது. நஷ்டஈடு கேட்டு மனுக் கொடுத்தார். பதிலுக்குக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உதிரிபாகங்கள் க்ளாம்ப் என்னும் இரும்புப் பிடியில் மாட்டித்தான் முக்கப்படுகின்றன, எந்தத் தொழிலாளியும் ஈரப் பெயிண்டைக் கையால் தொடுவதில்லை, இவர் தொட்டிருந்தால் அது இவருடைய சொந்தக் கவனக்குறைவு. கீழே தரப் பரிசோதனை அதிகாரியின் கையெழுத்து, சீல்.

"க்ளாம்ப் எல்லாம் உடைஞ்சு போச்சுங்க. புதுசு வாங்கித் தரல. கையாலதான் எடுத்து மாட்டினோம்" என்று அண்ணி தலையால் அடித்துக்கொண்டார். ஆனால் வீட்டில் எல்லோரும் நம்பியது சீல் வைத்த காகிதத்தை. நானும்தான். மற்றவர்களைத் திட்டுவதற்கு முன்னால் என்னையும் அந்த வரிசையில் நிறுத்திவிடுகிறேன்.

இப்போது என் பட்டறை. பழைய கார்களின் அதிர்வு தாங்கும் சஸ்பென்ஷன் பாகங்களைத் துரு நீக்கி, அவை தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்தனவோ அப்படியே ஆக்கித் தருவது என் தொழில். பளபளவென்று ஆக்குவது இல்லை. பளபளப்பை எந்த மடையனும் கொண்டு வருவான். போல்ட்டுக்கு மங்கிய சாம்பல் பூச்சு, வாஷருக்கு மஞ்சள் முலாம், ஸ்பிரிங்குக்கு ஒரு கோடு பச்சை, ஆர்முக்குக் கறுப்பு. அந்தக் கறுப்பும் முழுக்க இருக்கக்கூடாது. முக்கால் பாகம்தான் முங்கியிருக்க வேண்டும், மீதி வெறும் இரும்பு. அடி முனையில் ஒரு சொட்டு வழிந்து உறைந்திருக்க வேண்டும். பழைய கார் சங்கத்துக்காரர்கள் முழங்காலிட்டு, டார்ச் அடித்து, அந்தச் சொட்டை ரசிப்பார்கள்.

"முக்கால்தான் முங்கும். ஏன்னா தொட்டிய முக்காலுக்கு மேல ரொப்ப மாட்டான் கஞ்சன். அத போய் கலைங்கிறாங்க" என்பார் அண்ணி.

எட்டு வருஷம் முன்பு, வீட்டுச் சாவியை வாங்கிப் போக வந்த அண்ணி, நான் மினுக்கி வைத்திருந்த ஆர்மைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "தம்பி, இது மாப்பிள்ளை ஷூ மாதிரி இருக்கு. இப்படி ஒரு நாளும் வந்ததில்ல" என்றார். அன்றிலிருந்து பெயிண்ட் பகுதி அவர் ராஜ்ஜியம். தொட்டிக்கு மேல் புகை இழுக்கிற விசிறி, நீள இடுக்கி, முழங்கை வரை ரப்பர் கையுறை. எல்லாம் அவர் வைத்த சட்டம். ஒரு பெயிண்டர் வெறுங்கையால் தொட்டியின் விளிம்பைத் துடைத்தான். அண்ணி விட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையில் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள்.

போன மாதம் ஒரு டாக்டர் வந்தார். முப்பத்திரண்டு வயதுக் கார், அவருடைய அப்பா புதிதாக வாங்கியது. சங்கத்தின் கண்காட்சியில் நிறுத்தப் போகிறார். முன்பக்க ஆர்ம் இரண்டையும் தொழிற்சாலை முறைப்படி செய்யச் சொல்லி, மாதிரிக்கு ஒன்றையும் கொடுத்தார். அவர் அப்பா உபரியாக வாங்கி, கிரீஸ் தடவிய காகிதத்தைப் பிரிக்காமலே பீரோவில் வைத்திருந்த புத்தம்புது ஆர்ம். கூடவே ஒரு கையேடு. சங்கத்துப் போட்டி நடுவர் எழுதியது, மதிப்பெண் போடுவதும் அதை வைத்துத்தான்.

"பதினாலாம் பக்கம் பாருங்க. முன்பக்கம் ரெண்டு நீள்வட்டம், பின்பக்கம் ஒண்ணு. க்ளாம்ப் தடம். அது இல்லன்னா மார்க்க வெட்டிருவாரு" என்றார் டாக்டர்.

அன்று அண்ணி விடுப்பு. நானே உட்கார்ந்து, இருக்கிற க்ளாம்பையெல்லாம் மாட்டிப் பார்த்தேன். தடம் சதுரமாக விழுந்தது. க்ளாம்பின் பல்லை ராவினேன், ரப்பர் சுற்றினேன், தலைகீழாக நின்றும் பார்த்தேன். நீள்வட்டம் வரவில்லை. மறுநாள் காலை, அரைகுறையாகக் காய்ந்த பெயிண்டில் தற்செயலாக என் விரல் பட்டது. அச்சு அசல் அதே தடம். எனக்கு வந்த சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை. அண்ணி வந்து கையுறையை மாட்டி இடுக்கியை எடுத்ததுமே சொன்னேன்.

"அண்ணி, கையுறைய கழட்டிட்டு வெறும் விரலால பிடிச்சு ஒரு தடவ எடுத்து மாட்டிருங்க. ஒரு நொடி வேலை."

அவர் கையில் இருந்த இடுக்கி மேஜையில் விழுந்த வேகத்தில் வாஷர் டப்பா கவிழ்ந்தது.

"என்ன சொன்ன? இன்னொரு தடவ சொல்லு."

நான் குனிந்து வாஷர்களைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"உன் முகத்துல முழிச்சு எட்டு வருஷமா வேலை பாக்கறேன். நீயா சொல்ற? உங்க அண்ணன் கேக்கறாரே, யாரு கைய விடச் சொன்னான்னு. இதோ நீதான் சொல்ற! போய் சொல்லு அவர்கிட்ட!"

நான் வாங்கிக் கட்டிக்கொண்டு, சமாதானமாக அந்த மாதிரி ஆர்மை நீட்டினேன். இப்படித் தடம் வேண்டுமாம், நான் என்ன செய்ய என்றேன். அண்ணி துணியால் கிரீஸைத் துடைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு தன் ஆட்காட்டி விரலைப் பார்த்தார். சின்ன வயதில் தகர மூடி வெட்டி, அந்த விரலின் சதையில் குறுக்கே ஒரு தழும்பு உண்டு. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த தழும்பு. ஆர்மில் மேலே இருந்த நீள்வட்டத்துக்குள் ரேகை வரிகள் இருந்தன. வரிகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஒரு சாய்ந்த கோடும் இருந்தது.

"இந்த மாடலோட முன்பக்க ஆர்ம முக்கினது ரெண்டே பேருதான். வந்த வண்டியில பாதி என் கைதான்" என்றார்.

கையேட்டை மூடினேன். அண்ணியின் பார்வை அட்டையில் இருந்த பெயரில் நின்றது. பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த பழைய கடிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பெயரும், கையேடு எழுதிய நடுவரின் பெயரும் ஒன்று.

"தடம் வைக்காம கொடு தம்பி. மார்க்க வெட்டட்டும். கண்காட்சிக்கு நானும் வரேன்" என்றார்.

கண்காட்சி ஒரு பள்ளி மைதானத்தில். நாற்பது கார்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குழந்தையைப் பள்ளியில் சேர்க்க வந்தவர் மாதிரி ஒரு சொந்தக்காரர். நடுவருக்கு எண்பது நெருங்கியிருக்கும். வெள்ளைச் சட்டை, கையில் டார்ச், குனிந்து பார்க்கச் சின்னக் கண்ணாடி. டாக்டரின் காருக்கு அடியில் பார்த்தார், எழுந்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"பிரமாதமா பண்ணியிருக்காங்க. சொட்டுகூட சரியா இருக்கு. ஆனா க்ளாம்ப் தடம் விட்டுப்போச்சே."

டாக்டர் என்னை முறைத்தார். அண்ணி என் பையிலிருந்து மாதிரி ஆர்மை எடுத்து நீட்டினார்.

"தடம்னா இதுவா சார்?"

பெரியவர் முகம் மலர்ந்தது. சுற்றி நின்ற பத்துப் பேருக்கும் தூக்கிக் காட்டினார். "பாருங்க, இதுதான் அசல். க்ளாம்ப் எவ்வளவு தெளிவா கடிச்சிருக்கு!"

அண்ணி, வெளியே போனால் போட்டுக்கொள்கிற துணிக் கையுறையைக் கழற்றினார். வெளுத்து, நுனி சூம்பிப் போன மூன்று விரல்களையும் அந்த மூன்று தடங்களின் மேல் வைத்தார். பொருந்தின. கையை எடுத்துத் தழும்பைக் காட்டினார், பிறகு தடத்தில் இருந்த கோட்டைக் காட்டினார்.

"க்ளாம்புக்கு ரேகை உண்டா சார்? தழும்பு உண்டா?"

யாரோ ஒருவர் சிரித்தார். அண்ணி திரும்பிப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, அதெல்லாம் பழைய கதை. இருங்க, முழு மார்க்கும் போட்டுடறேன்" என்று பேனாவை எடுத்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த ஆள், இப்போது மதிப்பெண்ணால் மறைக்கப் பார்க்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி கடிதத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"மார்க்கு காருக்கு. எனக்கு என்ன? இது உங்க கையெழுத்துதானே? யாரும் கையால தொடறதில்லன்னு எழுதினீங்களே, தினம் ரெண்டு தடவ எங்க தொட்டிகிட்ட வந்து நின்னீங்களே, அப்ப உங்க கண்ணு எங்க இருந்துச்சு?"

பெரியவர் கடிதத்தைப் படித்தார். நெடுநேரம் படித்தார். நான்கு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"க்ளாம்ப் உடைஞ்சது எனக்குத் தெரியும்மா" என்றார் கடைசியில். "மேலேருந்து எழுதி வந்துச்சு. போடுன்னாங்க, போட்டேன்."

"தெரியுமா?" அண்ணியின் குரல் உடைந்தது. அழுகை இல்லை, கோபம்தான். "தெரிஞ்சேதான் போட்டீங்களா? என்னை வீட்டுல இன்னைக்கு வரைக்கும் கேக்கறாங்க சார், யாரு கைய விடச் சொன்னான்னு. எழுதுங்க. அன்னைக்கு எழுதின மாதிரியே எழுதி, அதே கையெழுத்த போடுங்க."

அவர் தயங்கினார். டாக்டரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். டாக்டர் தன் கார் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எழுதுங்க சார். எனக்கு மார்க்கு வேணாம்." அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு என் பட்டறையில் எப்போதும் ஒரு நாற்காலி உண்டு.

பெரியவர் மதிப்பெண் தாளைத் திருப்பி, காரின் பானெட்டில் வைத்து எழுதினார். க்ளாம்புகள் உடைந்திருந்தன, நிர்வாகம் மாற்றித் தரவில்லை, தொழிலாளர்கள் கையால் எடுத்தார்கள், அது எனக்குத் தெரியும். கையெழுத்து. அண்ணி இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தார். பரிசோதனை அதிகாரி செய்யாத பரிசோதனையை அவர் செய்தார்.

"கையேட்டுலயும் மாத்துங்க" என்றார். "விரல் தடம்னு போட்டா போதாது. இனிமே எவனும் எவளையும் கையுறைய கழட்டிட்டு விரல் தடம் வைக்கச் சொல்லக்கூடாதுன்னு சேத்துப் போடுங்க." இதைச் சொல்லும்போது அவர் பார்த்தது என்னை. நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போனோம். அண்ணன் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அண்ணி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவர் முன்னால் மேஜையில் ஆர்மை வைத்தார், பழைய கடிதத்தை வைத்தார், மதிப்பெண் தாளைப் பின்பக்கம் தெரிய வைத்தார்.

"படிங்க. சத்தமா."

அண்ணன் படித்தார். பாதியில் குரல் இறங்கியது. "சத்தமான்னு சொன்னேன்" என்றார் அண்ணி. அண்ணன் மறுபடி முதலிலிருந்து படித்தார். 'அது எனக்குத் தெரியும்' என்ற இடத்தில் நிறுத்தி, ஆர்மைக் கையில் எடுத்து, தடத்தில் இருந்த சாய்ந்த கோட்டைத் தடவினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்த்த தழும்பு அது.

அண்ணி சமையலறைக்குப் போய் ஒரு கண்ணாடி டம்ளரோடு வந்தார். அதை அண்ணனுக்கு நன்றாகத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். பிடித்திருக்கிறோம் என்று பார்த்துத் தெரிந்துகொண்டார். பிறகு வேண்டுமென்றே விட்டார்.

சில்லுகள் கூடம் முழுக்கத் தெறித்தன.

"இப்ப கேளுங்க" என்றார் அண்ணி.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விளக்குமாற்றை எடுக்க எழுந்து வெறுங்காலோடு ஓர் அடி வைக்கப் போனார்.

"நில்லுங்க!" அண்ணி போட்ட சத்தத்தில் நானும் நின்றுவிட்டேன். "செருப்ப போட்டுட்டு வாங்க. உங்களுக்காவது குத்தினா தெரியும்."