அக்கா கொண்டுவந்த வீடியோ கேம் போர்டு

இன்று மதியம் துடியலூரில் என் ரிப்பேர் கடைக்கு ஒரு அக்கா பழைய வீடியோ கேம் போர்டைக் கொண்டுவந்தார். அவரும் தம்பி ரவியும் சிறுவயதில் விளையாடியதாம். ரவி போன மாதம் இறந்துவிட்டார்.

"ஒருக்கா ஓடுனாப் போதுமுங்க," என்றார்.

ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில் மூன்றுதான் வந்தது. உப்பியிருந்த கெபாசிட்டரை மாற்றினேன். அதிக ஸ்கோர் எடுத்தவர்களின் பெயர்களைச் சேமிக்கும் பேட்டரியும் கசிந்திருந்தது, கழற்றிவிட்டேன். இனி பட்டியல் காலியாகத்தான் வரும்.

கடை டிவியில் இணைத்ததும் திரை ஒளிர்ந்தது. முதலிடத்தில் ரவியின் பெயர்.

அக்கா அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அவன் ஒருநாளும் என்னைய ஜெயிச்சதில்லீங்க. மொத எடத்துல எப்பவும் எம்பேருதான் இருந்துச்சு."

பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "ஆஃப் பண்ணிப்போடாதீங்க."

கடை மூடும் நேரம் ஆகிவிட்டது. சுவிட்சுக்கு என் கை போகவில்லை. யாராவது வந்து அணைத்துத் தருகிறீர்களா?