நான் சொன்ன பத்தியம்

என் உத்தியோக காலத்தில் நான் ஒரு விதியையும் மீறியதில்லை. ஓய்வூதியம் ஒழுங்காக வந்துகொண்டிருப்பதற்கு அது உதவியிருக்கிறது. வேறெதற்கு உதவியது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பிற்பகுதியில் வவுணதீவுப் பக்கத்தில் ஓர் அரசாங்க மருந்துச்சாலையில் மருந்து கலக்கிக் கொடுப்பவனாக இருந்தேன். டொக்டர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வாவியைக் கடந்து வருவார். அவர் எழுதிவைத்ததை மற்ற நாட்களில் நான் கொடுப்பேன். அளவைக் கூட்டவோ குறைக்கவோ எனக்கு அதிகாரமில்லை. ஆனால் சந்தேகம் வந்தால் மருந்தை நிறுத்தி, ஆளைப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். விதிப் புத்தகத்தில் அந்தப் பிரிவு எனக்கு மனப்பாடம்.

என் மனைவியின் தகப்பன் அந்தப் பகுதியில் வட்டை விதானை. வட்டை என்பது வயல்வெளி. யாருடைய வயலுக்கு என்றைக்குத் தண்ணீர் என்று தீர்மானிப்பவர் விதானை. வீடு களுதாவளையில் இருந்தாலும் வேளாண்மைக் காலம் முழுவதும் மாமா வயல் நடுவே வாடிக் குடிசையில் தனியாகத் தங்கித் தானே சமைத்துக்கொள்வார். வயல் வரம்பில் நடந்து வராத விதானையின் சொல்லை ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்த வருடம் விதைப்பு முடிந்த கையோடு அவருடைய முழங்கால்கள் இரண்டும் பனங்காய் போல வீங்கிவிட்டன.

நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரியின் எண்ணெய் தோற்ற பிறகே எங்களிடம் வந்தார். டொக்டர் பார்த்துவிட்டு அஸ்பிரின் தூள் எழுதினார். நாளுக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின். நான் தூளை நிறுத்துக் கடதாசியில் மடித்து நீட்டினேன்.

"பத்தியம் என்ன மருமகன்?"

"பத்தியம் ஒண்டும் இல்ல மாமா. சாப்பிட்டுப்போட்டுக் குடிக்க வேண்டியதுதான்."

"பத்தியம் இல்லாத மருந்து என்ன மருந்து? சுண்ணாம்பை இடிச்சுக் கடுதாசியில மடிச்சுத் தாறீங்களோ? பரியாரி உப்பைத் தொடாத எண்டவன், புளியைத் தொடாத எண்டவன். உங்கட டொக்டருக்கு அதுகூடத் தெரியாதோ?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "விதானையாருக்கு வாய்க்கால் மூடத் தெரியும், வாய் மூடத் தெரியா" என்றாள் ஒருத்தி. அத்தனை பேர் முன்னிலையில் மாமனாரிடம் தோற்க எனக்கு மனம் வரவில்லை.

"சரி, இதுக்கும் ஒரு பத்தியம் இரிக்கு. வாயைக் கட்டுங்க மாமா. அது போதும்."

சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. மாமா மட்டும் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் பொட்டலங்களை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். பேச்சைக் குறையுங்கள் என்பதைத்தான் நான் சொன்னேன். வாயைக் கட்டுவது என்றால் சோற்றைக் குறைப்பதும்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த இரட்டைப் பொருள்தான் எனக்குப் பிடித்திருந்தது.

பத்து நாளில் மாமா ஊன்றுகோல் இல்லாமல் வந்தார்.

"முழங்கால் இப்ப என்ட சொல்லுக் கேக்குது மருமகன். காதுக்குள்ளதான் வண்டு இரையிற மாதிரி ஒரு இரைச்சல்."

அளவு கூடிவிட்டதற்கு அதுவே முதல் அடையாளம் என்று என் புத்தகத்தில் இருந்தது. "டொக்டர் வரட்டும், சொல்லுவம்" என்றேன். மாரிக் காற்றில் வாவி கொந்தளித்துக் கிடந்ததால் டொக்டர் அந்த முறை வரவில்லை. எழுதிவைத்தது மாறவில்லை, ஆகவே நானும் அதே தூளை மடித்துக் கொடுத்தேன். நிறுத்தினால் ஏன் நிறுத்தினேன் என்று எழுத வேண்டும். தவிர, மனிதர் நடந்துகொண்டிருந்தார்.

அடுத்த முறை அவர் வந்தபோது நான் மாத முடிவு இருப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெளிக்குக் கறுப்பாப் போகுது மருமகன், தார் மாதிரி. வாதம் கழிஞ்சு போகுதாக்கும்."

"நல்லது மாமா" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை.

வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் மலம் தார் போலக் கறுத்துப் போகும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் பிழையில்லாமல் விடை எழுதியவன். மாமாவோ பேதி கொடுத்து நோயை வெளியேற்றும் பரியாரிகளிடம் வளர்ந்தவர். கறுப்பாகப் போனால் அவருக்கு அது நல்ல செய்தி. செய்தியை அவர் நேரே என்னிடம்தான் கொண்டுவந்தார். எனக்கோ போத்தல் கணக்கு ஒன்று உதைத்துக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் வரம்பில் விழுந்துவிட்டார். வண்டிலில் ஏற்றித் துறைக்குக் கொண்டுபோய், தோணியில் கிடத்திப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முகம் சாம்பலாக இருந்தது. அங்கிருந்த டொக்டர் குனிந்து, மருந்தை எதனோடு குடித்தீர் என்று கேட்டார்.

"சுடுதண்ணியோட. மத்தியானம் மட்டும் ஒரு பிடி சோறு" என்றார் மாமா. பிறகு கட்டிலருகில் நின்ற என்னைக் கண்ணால் காட்டினார். "மருமகன் வாயைக் கட்டச் சொன்னவர்."

அதில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. மருமகனுக்கு விசயம் தெரியும் என்று டொக்டருக்கு அறிமுகப்படுத்தியது போலத்தான் இருந்தது.

மேலிடத்துக்கு மூன்று பிரதிகளில் அறிக்கை எழுதினேன். 'உட்கொள்ளும் முறை நோயாளிக்கு வாய்மொழியாக விளக்கப்பட்டது' என்ற வசனம் அதில் உண்டு. பொய்யில்லை. என்ன விளக்கினாய் என்று யாரும் கேட்கவில்லை.

மாமா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தத் தூளை இனித் தொடக்கூடாது என்றார்கள். முழங்கால்கள் மீண்டும் வீங்கின. விதானை வேலை வேறொருவருக்குப் போயிற்று. களுதாவளையில் கதிரையில் இருந்தபடி, எந்த வாய்க்காலில் தண்ணீர் போகிறது என்று வருவோரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்றே போனேன். நான் வாயைத் திறக்க முன் அவர் தொடங்கிவிட்டார்.

"மருமகன், உங்கட மருந்தில பிழையில்ல. உங்களிட்ட ஒண்டை மறைச்சுப்போட்டன். பெரியகல்லாத்துப் பொடியன் ஒருத்தன் வாடிக்கு இறால் கொண்டந்தவன். ஆசையில சுட்டுத் தின்னுபோட்டன். அதுக்கு மறுகாதான் எல்லாம் பிழைச்சது. நீங்க ஆரிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

அந்தப் பதினெட்டு, இருபது நாட்களில் அவர் ஒழுங்காகத் தின்றது அந்த இறாலை மட்டுமாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகும் ஐந்து வருடம் இருந்தார். நான் போகும்போதெல்லாம், வீட்டில் யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கேட்பார்.

"அந்த இறாலைத் தின்னாம விட்டிருந்தா நடந்திருப்பன், என்ன மருமகன்?"

"ஓம் மாமா" என்பேன்.