மேஜையைத் தாண்டிய நாடா

"எந்தக் கணக்கும் என் மேஜையைத் தாண்டாது. தாண்டுச்சுன்னா இனிமே நீயே துணி வெட்டு."

தையற்கடை மாஸ்டர் இப்படிப் பிரகடனம் செய்தது தம் மனைவியிடம். கல்யாணமானதிலிருந்து அந்த அம்மாள் அதே கடையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறார். துணி வெட்டும் உரிமை மட்டும் கிடைக்கவில்லை. பெண் கையில் கத்தரி கோணிக்கொள்ளும் என்பது மாஸ்டர் கண்டுபிடித்த இயற்கை விதி. போதாக்குறைக்கு, அம்மாள் அஞ்சல் வழியில் கணிதம் படிக்கத் தொடங்கியிருந்தார்.

வம்பு பகா எண்களால் வந்தது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதற்கும் வகுபட மறுக்கும் பிடிவாதக்கார எண்கள்: இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று.

"ஒரு மீட்டர்ல ரெண்டுல ஒரு பங்கு, மூணுல ஒரு பங்கு, அஞ்சுல ஒரு பங்குன்னு பகா எண் வரிசையிலேயே நாடா வெட்டி ஒட்டிக்கிட்டே போனா, எவ்வளவு பெரிய மேஜையையும் தாண்டிடும்ங்க."

"துண்டு சின்னதாகிட்டே போகுதே, எப்படித் தாண்டும்? ஒரு மீட்டர் நாடாவுல பாதி வெட்டு, மிச்சத்துல பாதி, அதுலயும் பாதி. எத்தனை வெட்டினாலும் ஒரு மீட்டருக்குள்ளதான். என்கிட்டயே அளவு சொல்றியா?"

"அது மளமளன்னு தேயும். இது அவ்வளவு வேகமாத் தேயாது. பகா எண்ணுக்கும் முடிவு கிடையாது."

"அப்ப மூணு மீட்டர் தாண்டிக் காட்டு."

"அதுக்கு மூணு லட்சத்துக்கு மேல துண்டு வேணும். உங்க மேஜை ரெண்டு மீட்டர்தானே, அம்பத்தொம்பது போதும்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. கடை விடுமுறையன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கணிதத்தின் கொட்டத்தை அடக்க உட்கார்ந்தார். பத்தே துண்டில் நாடா ஒன்றரை மீட்டரைக் கடந்தது. பிறகு நத்தையானது. "படுத்திருச்சு பாரு உன் கணக்கு," என்று மீசையை நீவினார். அம்மாள் காஜாவிலிருந்து தலை நிமிரவில்லை.

துண்டுகள் நகமளவாகி, அரிசியளவாகி, மேஜை விளிம்பை நெருங்கின. ஒவ்வொன்றையும் முந்தைய துண்டின்மேல் மயிரிழை ஏற்றி ஒட்டினால் போதும், மானம் தப்பிவிடும். யாருக்கும் தெரியாது. ஆனால் அளவில் ஒருபோதும் திருடாத கை, மனைவிக்கு எதிராகக்கூடத் திருட மறுத்தது.

ஐம்பத்தொன்பதாவது துண்டை ஊசி முனையால் நகர்த்தி ஒட்டினார். விளிம்புக்கு வெளியே இரண்டு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. மேஜைதான் சுருங்கிவிட்டதோ என்று அதையும் அளந்து பார்த்தார். மேஜை நேர்மையாகவே இருந்தது.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?"

மாஸ்டர் எழுந்தார். மறுநாள் கொடுக்கவேண்டிய சட்டைத் துணியை மேஜைமேல் நீவி விரித்து, கத்தரியை அதன்மேல் வைத்தார். மனைவியின் ஸ்டூலுக்கு வந்து, அவர் எழுந்ததும் தாம் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு காஜா ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார்.