ஊற்றுக்கு முள் வைத்தவர்

காரியாபட்டி அருகே எஞ்சின் சூடேறி எங்கள் பஸ் நின்றுவிட்டது. காய்ச்சிக் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்து, என் ஒரு வயது மகள் தாகத்தில் அழுதாள். பக்கத்து ஆற்றில் வெறும் மணல்தான்.

பஸ்ஸில் வந்த ஓர் அம்மாள், கல்யாணத்துக்குப் போகிறவர், பட்டுச்சேலையை வரிந்து கட்டி மணலில் மண்டியிட்டார். காதில் பாம்படம் ஆட ஆடக் கையால் தோண்டினார்.

"மேல ஓடலைன்னா ஆறு செத்துப்போச்சா? கீழ ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்."

கலங்கலாக ஊறியதைத் திரும்பத் திரும்ப இறைத்துக் கொட்டினார். தண்ணீர் தெளிந்தது. "காய்ச்சாமல் எப்படிங்க..." என்று நான் டம்ளரோடு தயங்கினேன்.

"அப்ப நான் முதல்ல குடிக்கேன். செத்துட்டேன்னா பிள்ளைக்குக் குடுத்துராதீக, தாயி!"

குடித்துவிட்டுச் சிரித்தார். மகளுக்கும் கொடுத்தேன். அழுகை நின்றது.

ஹாரன் கேட்டு எல்லோரும் ஓடினோம். அவர் மட்டும் கருவேல முள்ளை ஒடித்து ஊற்றைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா, கல்யாணம் முடிஞ்சிரும்!" என்று கண்டக்டர் கத்தினார்.

"ஆடு இறங்கிக் கலக்கிப்போடும்யா. பின்னால வாரவுகளுக்கும் பிள்ளை இருக்கும்லா?"

அவர் ஏறி உட்கார்ந்தபோது பட்டு முந்தானை முள்ளில் கிழிந்திருந்தது. கல்யாண வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தாரோ! அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இன்றுவரை கவலைப்படுவது நான்தான்.