பனியில் படுத்த நாகதாளி

கனடாவில் இருக்கும் என் தங்கச்சிக்கு வீட்டு வாசலில் கள்ளிச்செடி வளர்க்க வேண்டுமாம். அதற்குப் பதில் ஒரு யானைக்குட்டியே கேட்டிருக்கலாம். இங்கே திருகோணமலையில் என் பூச்சாடிக் கள்ளிகள் வெயிலைக் குடித்துக்கொண்டு கும்மாளம் போடுகின்றன. அங்கேயோ மாதக்கணக்காகத் தரையே உறைந்து கிடக்கும். ஏற்கெனவே இரண்டு செடிகளை நட்டுப் பார்த்தாள். இரண்டும் முதல் பனிக்கே அவித்த கத்தரிக்காய் மாதிரிக் கூழாகிவிட்டன.

"இந்தமுறையும் செத்தால் அந்த இடத்தில கொங்கிரீட் போட்டு என்ர காரை நிப்பாட்டுவன்" என்று அவளுடைய மனுசன் சொல்லிவிட்டாராம். வேலை, சமையல், பிள்ளைகள் எல்லாம் போக, அந்த நாட்டில் அவளுக்கென்று இருப்பது அந்த முழத்துண்டு நிலம்தான். கேட்டதும் எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

செடிக்கடைக்குப் போய் வீடியோவில் என்னைக் கூப்பிட்டாள். கள்ளி விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு நான்தான் பண்டிதர். தூண் மாதிரி நெட்டையாக நின்ற ஒன்றைக் கண்டதும், "அதை எடடி!" என்றேன். அது வீட்டுக்குள் வைக்கிறது என்று கடைக்காரப் பெண் சொன்னாளாம். தங்க முள்ளோடு உருண்டையாக இருந்ததைக் காட்டினேன். அதுவும் குளிருக்கு ஏலாதாம். கடைசியில் அந்தப் பெண் தூக்கிக் காட்டியது, தரையோடு படரும் தட்டையான ஒன்று.

"எடியே, இது நாகதாளியெல்லே! சாம்பல்தீவுக் கடற்கரையில ஆடுகூடத் திரும்பிப் பாக்காது. இதையோ வாங்கப்போறாய்?"

"இது வேற இனமாம் அக்கா. பனியைத் தாங்குமாம். அடியில தண்ணி தேங்காட்டிப் போதுமாம்."

என்னவோ செய் என்று விட்டுவிட்டேன். சரளைக்கல்லும் மணலும் போட்டு மேடாக்கி நட்டாள்.

மார்கழியில் அழுதுகொண்டு கூப்பிட்டாள். செடி சுருங்கி, நிறம் மங்கி, தரையில் படுத்துக் கிடந்தது. செடி வாடினால் இங்கே நாங்கள் என்ன செய்வோம்? அரிசி கழுவின தண்ணியை ஊற்றுவோம். "குசினிக்குள்ள ஓடு, கொண்டுவந்து ஊத்து!" என்று கத்தினேன். அவளும் சட்டியோடு வெளியே ஓடினாள்.

கதவடியில் மனுசன் மறித்தார்.

"உமக்கென்ன விசரே? குளிர் முடியுமட்டும் தண்ணி விடக்கூடாது. உள்ளுக்க தண்ணி கூடுதலா இருந்தால் உறைஞ்சு வெடிச்சுப்போகும். அதுதான் தன்னை வத்தவைச்சுக்கொண்டு படுத்திருக்கு."

கொங்கிரீட் போடப்போன மனுசனுக்கு இது எப்படித் தெரியும்? நான் வாயைப் பிளந்தேன். கேட்டதற்கு, "சும்மா, போனில பாத்தனான்" என்று முணுமுணுத்துவிட்டுச் சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு பனி மூடிவிட்டது. எப்போது கேட்டாலும், "வெள்ளையாக் கிடக்கு அக்கா" என்பதுதான் பதில். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் செடி என்றால் தூக்கி எறிந்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். இது அவளுடையது.

பனி கரைந்து சில கிழமைகளுக்குப் பிறகு ஒரு நாள் போனை எடுத்தால் ஒரே அலறல். தங்கச்சி கையை உதறிக்கொண்டு துள்ளுகிறாள். விரல் முழுக்க மயிர்போல மெல்லிய முள்.

"குத்துது அக்கா, ஐயோ குத்துது! செடி நிமிந்திட்டுது! அமத்திப் பாத்தனான், கல்லு மாதிரி இருக்கு!"

அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. எனக்கும் அதே கதிதான். மனுசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளுடைய விரலில் முள் பிடுங்கிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்:

"மச்சாள், நான் காரை ரோட்டில விடுறன். இதுக்குப் பக்கத்தில வைக்க இன்னொண்டு பாத்துச் சொல்லுங்கோ."