கொக்கியில் கட்டிய சிவப்புத் துணி

ஏணியில் பாதி ஏறியதும் நின்று, மூக்கை ஒருமுறை உறிஞ்சிப் பார்ப்பார். இன்னும் சில படி ஏறி மறுபடி உறிஞ்சுவார். "ம்... மூடியைத் தாண்டியாச்சு" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார். உயரம் போகப் போகக் குளிரும் என்று ஊரார் சொல்ல, இவர் கீழே மாட்டிக்கொண்டு வந்த ஸ்வெட்டரை மேலே வந்து கழற்றுவார். பிறகுதான் கோபுரக் கிரேனின் உச்சியில் இருக்கும் கேபினுக்குள் உட்காருவார். கட்டடத்தில் வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மேல்வீட்டுக்காரர்.

மூடி என்று அவர் சொல்வது புகையை. யாராவது கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, விளக்கம் வந்துவிடும். "நம்ம ஊரு ஒரு சட்டிங்க. மூணு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். வண்டிப் புகை, சூளைப் புகை, குப்பைமேட்டுப் புகை எல்லாம் சட்டிக்குள்ள. மழைக்காலத்துல வானமே கழுவி ஊத்திடும். வெயில் காலத்துல சூடு மேல தூக்கும், கடல்காத்து தள்ளிவிடும். இந்தக் குளிர் மாசம்தான் வம்பு. ராத்திரி தரை குளிர்ந்துடும், மேல காத்து சூடாவே இருக்கும். அது மூடி மாதிரி உக்காந்துக்கும். வெயில் ஏறி அதைத் தூக்குற வரைக்கும் அவனவன் விட்ட புகையை அவனவனே குடிக்க வேண்டியதுதான்."

கேபினிலிருந்து பார்த்தால் மறுக்க முடியாது. மேலே துடைத்துவிட்ட நீலம், தெளிவான மலை. கீழே பழுப்பாக ஒரு தளம், அதற்கு மேலே நாலைந்து உயரக் கட்டடங்களின் தலைகள் மட்டும்.

மனிதருக்குத் தன்மேல் நம்பிக்கை கொஞ்சம் தூக்கல்தான். "தலைக்கனம் இல்லப்பா, தலை உயரத்துல இருக்கு, அவ்வளவுதான்" என்பார். தரையில் பார்த்தால் ஆளே வேறு. சாலையைக் கடக்க மனைவியின் கையைப் பிடித்துக்கொள்வார். காலையில் காப்பி கிடையாது. மேல்வீட்டில் எல்லாம் உண்டு, கழிப்பறை மட்டும் இல்லை.

மனைவி மழலையர் பள்ளியில் ஆசிரியை. கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் டீச்சரம்மா. வீடு ஆற்றோரப் பள்ளத்தில், சட்டியின் அடியில். டீச்சரம்மாவுக்கு வீசிங் உண்டு; புகை பட்டால் மூச்சு விசில் அடிக்கும். போன வருஷம் ஒரு காலை, கேபின் ஜன்னலில் காற்று முகத்தில் அறைந்ததும் இவர் போன் போட்டார். "காத்து வந்துடுச்சு, தைரியமா கிளம்பு." காற்று வந்தது உண்மைதான், மேலே மட்டும். கீழே ஓர் இலைகூட அசையவில்லை. பாலத்தை எட்டுமுன்பே மூச்சு அடைத்து, யாரோ ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிழைத்ததே பெரிய விஷயம். டீச்சரம்மா வேலையை விட்டார். கணவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இவரைப் போட்டு அரித்தது.

அன்றிலிருந்து கிரேன் கொக்கியில் ஒரு சிவப்புத் துணி தொங்குகிறது. வீட்டு ஜன்னல் திரையில் கிழித்தது. வேலை தொடங்குமுன் வெறும் கொக்கியை ஆள் உயரத்துக்கு இறக்கிவிட்டு, மேலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். துணி கண்ணில் படவே இல்லையென்றால் மூடி இன்னும் கிடக்கிறது. கண்ணில் பட்டும் சும்மா தொங்கினால் நம்பக் கூடாது. அது ஆட வேண்டும்.

போன வாரம் டீச்சரம்மா சொன்னார்: "வீட்டுக்குள்ளயே எத்தனை நாள் அடைஞ்சு கிடக்கிறது? மறுபடி வேலைக்குப் போறேங்க. தாமதமா வந்தாலும் பரவாயில்லைன்னு பெரிய டீச்சர் சொல்லிட்டாங்க. நீங்க சொல்ற நேரத்துக்குக் கிளம்புறேன்."

"என்னை நம்பியா?"

"வேற யாரு அவ்வளவு உயரத்துல இருக்கா?"

திங்கட்கிழமை முதல் நாள். துணி நேரத்தோடு தெரிந்துவிட்டது. ஆடவில்லை. மேலே கேபின் கண்ணாடி காற்றில் தடதடத்தது. இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வாக்கி-டாக்கியில் மேஸ்திரியின் குரல் வந்தது. "மேல்வீட்டுக்காரரே, கம்பிக் கட்டு காத்துக்கிட்டு கிடக்கு. என்னய்யா தவம்?"

"இருப்பா. மேல அடிக்கிற காத்தை நம்பிக் கெட்டவன் நான்."

மேஸ்திரிக்கும் கதை தெரியும்.

வெயில் ஏறியது. துணியின் ஒரு முனை எழுந்து விழுந்தது. பிறகு முழுத் துணியும் கடல் பக்கமிருந்து மலைப் பக்கமாக விரிந்தது. இவர் அப்போதும் அவசரப்படவில்லை. அது விடாமல் ஆடுவதைப் பார்த்த பிறகே போனை எடுத்தார்.

"கிளம்பு."

கம்பிக் கட்டுகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார். கை வேலை செய்தது, மனசு பாலத்தடியில் கிடந்தது. சுமையை இறக்கிவைத்துப் பிரேக் போட்ட நேரத்தில் போன் அடித்தது.

"உள்ள வந்துட்டேங்க." பின்னால் பிள்ளைகள் கூச்சல்.

இவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"என்னங்க, கேக்குதா? வாய் ஓயாத மனுஷன், இன்னிக்கு என்ன ஆச்சு?"

இவர் கேபின் கதவை இழுத்துச் சாத்தினார். வாக்கி-டாக்கியை அணைத்தார். மறு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, மனைவியின் மூச்சு விசில் சத்தம் இல்லாமல் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கேட்டுக்கொண்டே இருந்தார்.