அரைஞாணில் முடிந்த சாவி

அந்நாளில் எங்கள் தாலுகா கச்சேரிக்குச் சைக்கிளில் வந்த குமாஸ்தா நான் ஒருவன்தான். திருட்டுப் பயம் என்னைத் தின்றது. குளிக்கப் போனால் ஆற்றுக்குள் நிற்கும் கல்மண்டபத் தூணில் சைக்கிளைச் சங்கிலியால் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வேன்.

ஐப்பசியில் ஒருநாள் முங்கி எழுவதற்குள் வெள்ளம் சக்கரத்தைத் தொட்டுவிட்டது. நனைந்த முடிச்சு அவிழவில்லை. கயிற்றோடு சாவி பூட்டுக்கு எட்டவுமில்லை.

தினமும் சைக்கிளையே வெறித்துப் பார்ப்பார் ஒரு வாழைத்தோட்டக்காரர். திருடனென்றே நம்பியிருந்தேன். அவர்தான் குலைவெட்டும் கத்தியோடு ஓடிவந்தார்.

"கயித்த அறுத்திருதேன், வே!"

"பொணத்துக்குல்லா அறுப்பாவ, அண்ணாச்சி!" என்று இடுப்பைப் பொத்திக்கொண்டேன்.

தண்ணீர் சீட்டுக்கு ஏறியது.

"அப்பம் பைய யோசியும். ஆறு நிக்கும்லா."

"அறுத்துத் தொலையும்!" என்று கத்தினேன்.

கயிறு ஆற்றோடு போயிற்று. சாவி அவர் கையில் இருந்தது.